நான்கு விரற்கடை

பொம்மிடிக்குப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கில் மாதவராஜ் சாமியார் பொறுப்பேற்ற ஞாயிறன்று, ஊரார் போட்டுவிட்ட தொப்பி அவர் தலைக்கு நான்கு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. புதுச் சாமியாருக்கு முதல் பூசைக்கு முன்னால் மூன்று முனை வைத்த கறுப்புத் தொப்பியைப் பங்கு மக்களே அணிவிப்பது அங்கே வழக்கம். தைத்தவள் சகாயமேரி, முப்பது வருஷமாகப் பூசை உடுப்புகளுக்குப் பொறுப்பானவள். அளவு தப்பிவிட்டதென்று பெரிதாக ஒன்று தைத்தாள், அதுவும் நின்றது. உச்சந்தலையை மூடும் வட்டக் குல்லா, வெயிலுக்கான அகல விளிம்புத் தொப்பி, கடைசியில் பாப்பாரப்பட்டிச் சந்தைத் துண்டில் தலைப்பாகை என்று எட்டு வாரம் மாற்றிப் பார்த்தார்கள். எல்லாம் அதே உயரத்தில் ஆடாமல் நின்றன. பூசை மட்டும் ஒருநாளும் தாமதமாகவில்லை.

தொப்பியே ஏற்காத தலை சாமியார் தலைதானா என்று முதலில் கேட்டவர் பங்குப் பேரவைத் தலைவர் குப்புராஜ். ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டார்கள். முறையாகக் குருப்பட்டம் பெற்றவர்தான் என்று முத்திரையோடு பதில் வந்தது, முத்திரையையும் சந்தேகப்பட்டார்கள். எல்லோரையும்விட நடுங்கியவள் சகாயமேரி. பழைய சாமியார் இறந்தபோது சவப்பெட்டிக்குள் வைக்கச் சொன்ன தொப்பியை, தன் கையில் அதைவிட நல்ல தையல் விழுந்ததில்லை என்ற ஆசையில், வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒளித்துவிட்டிருந்தாள். அதை முதல் வாரமே மாதவராஜ் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தொலைத்திருந்தாள். ஆள் போலி என்றால் பாவசங்கீர்த்தன ரகசியம் காக்க அவருக்கு என்ன கட்டாயம்? டீக்கடையில் ஒரு வார்த்தை விட்டால் போதும், வேலையும் பேரும் போய்விடும்.

ஒன்பதாவது தொப்பிக்கு அளவெடுக்கும் சாக்கில் அந்த இடைவெளிக்குள் கையை விட்டாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. சுருட்டி வளைத்த பழஞ்சேலை, வேர்வை ஈரம், செங்கல் தூள். சும்மாடு.

"எங்கம்மா சூளையில கல்லு சுமந்தவங்க. லீவு விட்டா நானும் சுமப்பேன். அப்ப வச்சது, எறங்கவே இல்லைங்க," என்றார் சாமியார். "கேலி பண்ணுவாங்கன்னு மறைச்சேன். யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா."

உங்கள் சங்கதியும் எனக்குத் தெரியுமே என்று ஒரு பார்வையாவது பார்ப்பார் என்று காத்திருந்தாள். அவர் பார்க்கவில்லை. சகாயமேரிக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, டிரங்குப் பெட்டித் தொப்பியையே கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் அணிவித்தாள். குப்புராஜ் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்.

"இது குழிக்குள்ள போனதாச்சே?"

"போவலைங்க. நான்தான் எடுத்து வூட்டுல வச்சிருந்தேன்."

அன்றைக்கே ஊரின் சந்தேகம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. உடுப்பு அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். சாமியாரைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லாமல் போனது. கல்யாணங்களுக்கு வரும் போட்டோக்காரர் மட்டும் சாமியார் தலைக்கு மேலே நான்கு விரற்கடை இடம் கூட்டிப் படம் எடுக்கிறார். சகாயமேரி இப்போதெல்லாம் கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் தையலைப் பார்க்கிறாள். தொப்பி உயரத்தில் நிற்பதால் அங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது.