விடை தெரியாதவர்கள்

தான் அந்த அறைக்குள் நிற்கக் கூடாது என்பது புள்ளியியல் ஆசிரியைக்கு முதல் சோதனையின்போதே தெரியும்.

சோதனை அவளுடைய நாத்தனாருக்கு. அவள் தையல்காரி, மணமுறிவுக்குப் பிறகு அண்ணன் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருந்தாள். அளவெடுக்கும்போது, எதிரில் நிற்பவரின் உடம்புக்குள் என்ன கோளாறு என்று தனக்குத் தெரிவதாக ஒருநாள் சொன்னாள். அண்ணன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

"நீங்க சொல்லுங்க அண்ணி. நெசமாவே தெரியுதா, இல்ல எனக்கு மண்டை குழம்பிடுச்சா? ஒரு சோதனை வச்சுப் பாத்துடுங்க."

அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆறு பேரை ஆசிரியை கல்லூரிக்கு வரவழைத்தாள். ஒருவருக்குப் பித்தப்பை இல்லை, இன்னொருவருக்கு ஒரே சிறுநீரகம், வேறொருவருக்கு இடுப்பில் தகடு. எல்லாருக்கும் ஒரே மாதிரி நீள அங்கி. ஆறு சிகிச்சைகளின் பெயர் எழுதிய அட்டைகளில் விரல் வைத்து, எது யாருக்கு நடந்தது என்று தையல்காரி பொருத்திக் காட்ட வேண்டும்.

சோதனையைப் படம் பிடிக்க வந்த தோழி, உயிரியல் ஆசிரியை, காதோடு சொன்னாள். "நீ வெளிய போ. விடை தெரிஞ்சவ உள்ள இருக்கக் கூடாதுன்னு நீதானே பாடம் நடத்துற?"

"வீட்டு விஷயம். விடு."

தையல்காரி ஆறில் நான்கைச் சரியாகச் சொன்னாள். வந்த நாளிலிருந்து கறுத்துக் கிடந்த அவள் முகம் அன்று மலர்ந்ததைப் பார்த்து ஆசிரியையும் வாயை மூடிக்கொண்டாள். கல்லூரியிலேயே சோதித்துவிட்டார்கள் என்ற பேச்சு தெருவெங்கும் பரவியது. துணியே கொண்டுவராமல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஒரு மாலை எதிர்வீட்டு பஸ் கண்டக்டரம்மா ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மார்ல ஒரு கட்டி. ஊசியால சதை எடுத்துப் பாக்கணும்னு டாக்டர் பயமுறுத்திட்டாரு. உங்க நாத்தனார் பாத்துட்டு வெறும் கொழுப்புதான்னு சொல்லி வயித்துல பாலை வார்த்துட்டா."

"எதுக்கும் டாக்டர் சொன்னதையும் செஞ்சு பாத்துடுங்களேன்."

"நீங்களே சோதிச்சுச் சொன்ன பிறகு டாக்டர் எதுக்கு?"

ஆசிரியை மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கண்டக்டரம்மாவை ஜன்னல் வழியே பார்க்கும்போதெல்லாம் உள்ளே நகர்ந்துகொண்டாள். சில மாதம் அப்படியே ஓடியது. பிறகுதான் தோழியிடம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினாள்.

படத்தில் தையல்காரி நாற்காலியில் இருந்தவர்களை அதிகம் பார்க்கவே இல்லை. அண்ணியைப் பார்த்தாள். விரல் சரியான அட்டைக்கு வந்தபோது அண்ணியின் புருவம் லேசாக உயர்ந்தது. தவறான அட்டையில் உதடு இறுகியது. அந்தப் பெண் ஏமாற்றவில்லை. தான் எங்கே பார்க்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவை வைக்கணும் குட்டி."

"ஏன்? பாஸ் பண்ணிட்டேனே."

"நீ பண்ணல. நான் பண்ண வச்சேன்."

தையல்காரி வெகுநேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "என்ன பண்ணணும்?" என்றாள்.

எவ்வளவு தூரம், எவ்வளவு வெளிச்சம், எத்தனை சரியாக இருந்தால் வெற்றி என்று எல்லாவற்றையும் இருவரும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டார்கள். புதிதாக ஆறு பேரைத் தோழி தேர்ந்தெடுத்தாள்; விடை அவளோடு வேறு கட்டடத்தில் இருந்தது. ஆட்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். உட்கார வைத்தவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆசிரியை வெளியே படிக்கட்டில் இருந்தாள். அவள் ஜெயிக்கட்டும், எப்படியாவது ஜெயிக்கட்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அவள் ஜெயித்தால் அந்தக் கட்டி கொழுப்பாகவே இருக்கும்.

ஒன்றே ஒன்றுதான் சரி.

"சுவத்தப் பாத்த மாதிரி இருந்துச்சு அண்ணி," என்றாள் தையல்காரி. பிறகு, "அன்னைக்கே நீங்க வெளிய போயிருக்கலாம்ல?"



அங்கிருந்து நேரே கண்டக்டரம்மா வீட்டுக்குப் போனார்கள். தையல்காரி வாயெடுக்கும் முன் ஆசிரியை சொல்லிவிட்டாள். "தப்பு அவ மேல இல்ல. நான் வச்ச சோதனைதான் தப்பு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அது புற்றுநோய்தான். சதை எடுத்துப் பார்த்து, மார்பையும் எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் முன்பே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர்.

நாத்தனாரும் அண்ணியும் மாறி மாறி வார்டில் துணைக்கு இருந்தார்கள். தையல்காரி கஞ்சி ஊட்டினால் கண்டக்டரம்மா குடித்தார். அவள் அழுதபோது முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தார். ஆசிரியையிடம் மட்டும் பேசவில்லை. வீட்டுக்கு அனுப்பும் அன்று, துணிகளை மடித்துக்கொண்டிருந்த ஆசிரியையைப் பார்த்துக் கேட்டார்.

"அவளுக்குத் தெரியாது, பாவம். சோதனை தப்புன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல?"

"தெரியும்."

கண்டக்டரம்மா தலையசைத்தார். பிறகு பையைத் தையல்காரியிடம் கொடுத்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். ஆசிரியை சற்றுப் பின்னாலேயே வந்தாள்.