அடுத்ததைத் திற

"அடுத்ததைத் திறந்து விடு." போனில் புருஷன் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் பேசினால் அந்த மனுஷனுக்கு வாய் வலித்துவிடும். தங்கை வீட்டுக்குப் போனவர் இன்னும் ஒரு நாள் தங்க வேண்டியதாகிவிட்டது.

மேய்ச்சல் நிலத்தைக் கம்பி வேலியால் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றில் புல் தீர்ந்ததும் மாடுகளை அடுத்ததில் விடுவது அவர்கள் வழக்கம். அடுத்த துண்டில் இருந்ததோ சோளம். ஒரு தடவை அறுத்த பிறகு அடிக்கட்டை மறுபடி துளிர்த்து, முழங்கால் உயரத்தில் நின்றது. மழை ஏமாற்றியதில் இலையெல்லாம் சுருண்டிருந்தது.

வாடிய இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? புருஷனைவிட மாடுகளோடுதான் அவள் அதிகம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். படலில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். போனை எடுத்தாள். மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவருக்குத் தெரியாமலா சொல்லுவார், அறுத்துத் துளிர்த்தது ஒன்றும் செய்யாதோ என்னவோ என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு படலைத் திறந்துவிட்டாள்.

சினையாக இருந்த செவலை எதிலும் முந்திரிக்கொட்டை. முதல் ஆளாகப் புகுந்து அவக் அவக்கென்று மேய்ந்தது. கொஞ்ச நேரம்தான். மூச்சு இரைத்து, கால் பின்னி, தொப்பென்று விழுந்தது. ஐயோ, அந்நேரம் அவள் பட்ட பாடு! மாட்டின் மேல் ஒரு நாளும் கை ஓங்கி அறியாதவள், மற்றதையெல்லாம் கம்பால் விளாசி வெளியே துரத்தினாள்.

மாட்டு டாக்டர் ஊசியோடு ஓடி வந்தார். தள்ளாடிக்கொண்டிருந்த இரண்டைப் பிழைக்க வைத்தார். செவலையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கறதும் போச்சும்மா" என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சேதி கேட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார் புருஷன்.

"சோளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற புல்லைத்தானே சொன்னேன்! வாடின சோளத்துல எவனாவது மாட்டை விடுவானா?"

"அடுத்ததுன்னுதானே சொன்னீங்க?"

"சந்தேகமா இருந்தா ஒரு போன் போட்டுக் கேக்கறதுக்கு என்ன கேடு?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டா கத்துவீங்க. இத்தனை வருஷத்துல நான் ரெண்டாந்தரம் கேட்டு எதுக்காவது எரிஞ்சு விழாம பதில் சொல்லியிருக்கீங்களா? விஷம்னு எனக்குத் தெரியுங்க. உங்க கத்தலுக்குப் பயந்துதான் திறந்தேன்."

அவர் செவலையின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார்.