மாப்பிள்ளை வண்டிக்கு ஒரு லிட்டர் ஆயில்

எண்ணெய்க் கடையில் அன்று நான் நின்ற நேரத்துக்கு வேறொருவன் பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டிருப்பான். நான் ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கடை அது. ஆனால் அலமாரி இருக்கிறதே! தரையிலிருந்து கூரைவரை டப்பாக்கள். மேல் தட்டில் இருப்பதை எடுக்கக் கடைக்காரர் ஏணியில் ஏறினால், இறங்கி வருவதற்குள் அவருக்குத் தாடி வளர்ந்துவிடும்.

"என்ன வண்டிக்கு சார்?" என்று கேட்டார்.

முப்பத்துநாலு வருஷம் ஆபீஸ் கார் ஓட்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஒருவர் மாற்றி ஒருவராக எட்டு அதிகாரிகளைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு நிலாவுக்குப் போய்த் திரும்புகிற தூரம் ஓட்டியிருக்கிறேன். ஒரு நாள்கூட என் இன்ஜின் இருமியதில்லை. பின் சீட்டில் இருந்தவர்கள்தான் இருமினார்கள்.

"இன்ஜினுக்குத்தான். தலைக்குத் தேய்க்க இல்ல" என்றேன்.

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவர் கேட்ட கேள்வி அடித்துக்கொண்டு போய்விட்டது. நானும் இன்னொரு ஜோக் தேடிக்கொண்டிருந்தேனே தவிர, பதில் சொல்லவில்லை.

வண்டி என்னுடையது அல்ல, மாப்பிள்ளையுடைய மோட்டார் சைக்கிள். மகளும் அவரும் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு பார்சல் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தார். முப்பது வேலை நாள் சோதனை. அதற்குள் ஒரு பார்சல் நேரம் தவறினாலும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். தேறிவிட்டால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் ஆறு மணி நேரப் பஸ் தூரத்தில் அவருடைய அண்ணனின் சிமென்ட் கிடங்குக்குத் திரும்ப வேண்டியதுதான். ஏற்கெனவே அங்கே இரண்டு வருஷம் இருந்தவர். அண்ணன் முதலாளி. அண்ணி, முதலாளிக்கு முதலாளி. அவள் குரல் கொடுத்தால் கிடங்கில் இருக்கிற சிமென்ட் தண்ணீர் படாமலே இறுகிவிடும். அங்கிருந்து தப்பித்து இங்கே வந்தபோது மாப்பிள்ளையிடம் மிச்சம் இருந்தது மூக்கும் இரண்டு முழங்கால்களும்தான். மற்றதையெல்லாம் என் வீட்டுக்காரி சோறு போட்டுத் திரும்ப வரவழைத்தாள்.

இருபத்தைந்து நாள் ஒரு குறையும் இல்லாமல் முடிந்திருந்தது. வார விடுமுறை அன்று வண்டியின் ஆயிலைப் பார்த்தேன். தாரை உருக்கி ஊற்றிய மாதிரி இருந்தது. "மெக்கானிக்கிட்ட விடறேன் மாமா" என்றார் மாப்பிள்ளை. "நான் உயிரோட இருக்கும்போது மெக்கானிக் எதுக்கு மாப்பிள்ளை? நீங்க போய்ப் படுங்க" என்றேன். அவர் ஒரு நொடி தயங்கி நின்றார். பிறகு சரி என்று மாடிக்குப் போய்விட்டார். நான் சொன்னதை அவர் மறுத்ததே இல்லை. அப்படி ஒரு மாப்பிள்ளை வாய்க்க நான் போன ஜென்மத்தில் ஓர் ஊருக்கே குளம் வெட்டியிருக்க வேண்டும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கடையில், மோட்டார் சைக்கிள் படம் போட்ட டப்பாக்கள் கீழ்த் தட்டில் வரிசையாக இருந்தன. பார்க்கக் குழந்தைக்கு மருந்து கொடுக்கிற பாட்டில் மாதிரி இருந்தன. அவற்றை நான் மதிக்கவில்லை. ஆயிலுக்கு என்னிடம் ஒரே பரீட்சைதான். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டு விட்டுத் தேய்க்க வேண்டும். எவ்வளவு வழுக்குகிறதோ அவ்வளவு உசத்தி. சில்லறை விற்பனைக்குத் திறந்து வைத்திருந்த பத்துப் பதினைந்து டப்பாக்களிலும் விரலை விட்டுப் பார்த்தேன். கடைசியில் தங்கநிற டப்பா ஒன்று. அடேயப்பா! அது எண்ணெயா, மந்திரமா? என் இரண்டு விரல்களும் ஒன்றையொன்று தொட முடியாமல் தவித்தன. கல்யாண மோதிரம் தானாகக் கழன்று கீழே விழுந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், நம்ப வேண்டாம்.

"இது பெரிய கார்களுக்குப் போடறது சார்" என்றார் கடைக்காரர்.

"தெரியும், குடுங்க" என்றேன். அதிகாரிகளின் காருக்குப் போட்ட ஜாதி ஆயில். என் மாப்பிள்ளைக்குப் போடக்கூடாதா?

வாசலில் வண்டியை நிறுத்தி, பழைய ஆயிலை இறக்கினேன். என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அது நான் துணி ஊற வைக்கிற பேசின்."

"இனிமே துணி தானா வழுக்கிக்கிட்டு வெளுத்துடும்."

"உங்க வாய் இருக்கே! அதுக்கு ஒரு மூடி வாங்கிட்டு வந்திருக்கலாம்."

புது ஆயிலை ஊற்றினேன். தேன் மாதிரி இறங்கியது. ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லை. பூனை தூக்கத்தில் முனகுவது போல இருந்தது. மாப்பிள்ளையைக் கீழே கூப்பிட்டுக் காட்டினேன். "ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. சாயங்காலம் அவர் தெருமுனையில் திரும்பும்போதே வண்டி அலறியது. இன்ஜின் சத்தம் விமானம் கிளம்புகிற மாதிரி இருந்தது. வேகமோ கல்யாண ஊர்வல வேகம். பக்கத்தில் நடந்து வந்த கறிகாய்க்காரி அவரை முந்திக்கொண்டு போனாள்.

"என்ன மாப்பிள்ளை, இழுவை எப்படி?"

"நல்லா இருக்கு மாமா."

"புது ஆயில். பழகறதுக்கு ரெண்டு நாள் ஆகும்."

"ஆமா மாமா."

எனக்குத் தெரியாதா? முப்பத்துநாலு வருஷம் காதால் ஓட்டியவன் நான். ஆக்சிலரேட்டர் திருகியும் வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அது என் வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் ஒப்புக்கொள்ளவில்லை. மோதிரம் கழன்ற கதையைக் காலையில்தான் தெருவில் ஆறு பேரிடம் சொல்லி முடித்திருந்தேன். செவ்வாய்க்கிழமை கிளட்ச் கேபிளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, "இப்ப பாருங்க மாப்பிள்ளை, குதிரை!" என்றேன். "இப்ப பரவாயில்ல மாமா" என்றார் அவர். குதிரை அன்றைக்கு இரண்டு பாலங்களில் நொண்டியதாம். அவர் கடைசிப் பார்சலைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் நேரத்துக்குக் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை, இருபத்தெட்டாவது நாள், பகல் பதினோரு மணிக்கு மகளின் போன். ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போகிற அவசரப் பார்சல். மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. கருகிய நாற்றம். வெயிலில் வண்டியைத் தள்ளிப் பாலத்தைத் தாண்டி, பார்சலைக் கொடுக்கும்போது நாற்பது நிமிஷம் தாமதம்.

நான் ஆட்டோ பிடித்து மெக்கானிக் கடைக்கு ஓடினேன். மாப்பிள்ளை சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்க, ஓரத்தில் நின்றார். மகளும் வந்திருந்தாள். மெக்கானிக் வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கிளட்ச் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். தீய்ந்த தோசை மாதிரி இருந்தன.

"எந்தப் புண்ணியவான்யா கார் ஆயிலை ஊத்தினது?"

நான்தான் கையைத் தூக்கினேன், வகுப்பில் தப்புச் செய்த பையன் மாதிரி.

"பெரியவரே, கார்ல கிளட்ச் தனியா, காய்ஞ்ச இடத்துல இருக்கும். பைக்ல கிளட்ச் பிளேட் இதே ஆயிலுக்குள்ளதான் முங்கிக் கிடக்கும். நீங்க ஊத்தினது வழவழன்னு வழுக்குற ஆயில். ஒண்ணை ஒண்ணு பிடிக்கவேண்டிய பிளேட்டு எப்படிப் பிடிக்கும்? முத நாளே ஆயிலை மாத்தியிருந்தா தப்பிச்சிருக்கும். மூணு நாள் அதோட ஓட்டியிருக்கார். அரைச்சுத் தள்ளிட்டார்."

முப்பத்துநாலு வருஷத்தில் எனக்கு இது தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. நாலு சக்கரத்துக்குப் படித்ததை வைத்துக்கொண்டு இரண்டு சக்கரத்துக்குப் பரீட்சை எழுதிவிட்டேன்.

"முத நாளே தெரியும்பா அவருக்கு" என்றாள் மகள். "அன்னிக்கு ராத்திரியே சொன்னார், ஆயில்தான் சரியில்லன்னு. வேற மாத்துங்கன்னு கத்தினேன். மாமா ஆசையா வாங்கி ஊத்தினது, மாத்தினா மனசு நோகும், இன்னும் நாலு நாள்தானே, ஓட்டிடறேன்னார்."

"சும்மா இரு" என்றார் மாப்பிள்ளை, அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல ஆயில்தான் மாமா. வண்டிதான் பழசு" என்றார்.

எனக்கும் திங்கட்கிழமையே தெரியும் என்று நான் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவர் என் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டார். நான் என் பெருமை நோகாமல் பார்த்துக்கொண்டேன். நடுவில் மூன்று நாள் அந்தப் பிளேட்டுகள் எரிந்தன.

பார்சல் கம்பெனிக்கு நானும் போனேன். சூப்பர்வைசருக்கு என் மகளைவிடச் சின்ன வயதுதான் இருக்கும். தப்பு என்னுடையது என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். ஆயில் கதையை முழுசாகச் சொன்னேன், மோதிரம் கழன்றது உட்பட. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள், ஓர் இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். ஆகா, ஆளைக் கவிழ்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"கதை நல்லா இருக்கு ஐயா. கம்ப்யூட்டர்ல நாற்பது நிமிஷம்னு ஏறிடுச்சு. நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் இரண்டு பெட்டிகளும் ஒரு மிக்சியும் மாடியிலிருந்து இறங்கின. வண்டியை மெக்கானிக்கே வந்த விலைக்கு எடுத்துக்கொண்டார். பஸ் நிலையத்தில் மாப்பிள்ளையைத் தனியாக இழுத்துப் போனேன்.

"ஒரு வார்த்தை திட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை. கிழட்டு மூதேவின்னாவது சொல்லுங்க."

"என்ன மாமா நீங்க? உடம்பைப் பாத்துக்குங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க."

பஸ் கிளம்பியது. அதற்குப் பிறகு என் வாய்க்கு வீட்டுக்காரி மூடி தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அந்தப் பேசினை மூன்று நாள் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எப்படி இருக்கீங்க மாப்பிள்ளை?"

"நல்லா இருக்கேன் மாமா. இங்க ஒரு குறையும் இல்ல."

இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை இருமினார். சிமென்ட் தூசி. பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது: "ஏய், லாரி நிக்குது, அங்க என்ன கொஞ்சல்?" நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவரும் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பெரியவர்கள் வைக்காமல் அவர் போனை வைக்க மாட்டார். அந்தக் குரல் இரண்டாவது தடவை, இன்னும் பக்கத்தில், இன்னும் கேவலமாகக் கேட்டது. அப்போதும் அவர் வைக்கவில்லை.

"சொல்லுங்க மாமா" என்றார்.

நான்தான் அவசர அவசரமாக வைத்தேன். அதற்குப் பிறகு நான் அவருக்குப் போன் செய்வதில்லை.