ரொட்டிக்குள் பன்றித்தொடை

உயிர்த்த ஞாயிறன்று பொழுது விடிவதற்கு முன்பே சிரில் வந்து டில்காவின் அடுக்களைக் கதவைத் தட்டிவிட்டார். கையில் கம்பளியில் சுற்றிய ஒரு மூட்டை. அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"யாரு வீட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு வந்தீங்க?" என்றார் டில்கா, கதவைத் திறந்ததும்.

"தொடுங்க. இன்னும் சூடு இருக்கு."

டில்கா கம்பளியை விலக்கினார். பழுப்பும் கறுப்புமாக முறுகிய பெரிய ரொட்டி ஒன்று உள்ளே இருந்தது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது.

"இது என்ன, சவப்பெட்டியா?"

"உள்ள தொடை இருக்கு. எங்க க்ராஸ் பக்கம் இப்பிடித்தான். ராத்திரி பூரா அடுப்புல வெந்தது."

சிரிலுக்கு அறுபதை நெருங்கும் வயது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, கடல் பக்கத்து க்ராஸ் கல்மேட்டிலிருந்து புறப்பட்டு, ஸ்லோவேனியாவின் இந்தக் கிழக்கு மூலைக்கு, எங்கள் ஊர் திராட்சைச் சங்கத்துக்கு லாரி ஓட்ட வந்தவர். டில்காவும் கணவனை இழந்தவர்தான். போன வாரம் குருத்து ஞாயிறன்று, திராட்சைக் கொடிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய், "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று சிரில் கேட்டேவிட்டார். டில்கா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "ஈஸ்டர் காலைச் சாப்பாடு முடியட்டும், சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து மனிதனுக்குத் தூக்கம் ஏது!

அந்தச் சாப்பாடு எங்கள் ஊரில் சாதாரண விஷயம் இல்லை, ஆமாம். கோவிலில் மந்திரித்த கூடையில் என்ன இருக்கிறதோ அதுதான் காலைச் சாப்பாடு. எங்களுக்கு அது தொட்டி இறைச்சி. புகைபோட்ட பன்றித்தொடையைக் கொழுப்புக்குள் புதைத்து மரத்தொட்டியில் வைத்திருப்போம். ஈஸ்டருக்கு எடுத்து, ஒட்டியிருக்கும் வெள்ளைக் கொழுப்போடு சில்லென்று கனத்த துண்டுகளாக நறுக்கி, துருவிய காரமுள்ளங்கியோடு தின்போம். வேறு எப்படித் தின்றாலும் அது ஈஸ்டரே இல்லை என்று நினைக்கிற ஜனம் நாங்கள்.

"ஒரே கூடையில ரெண்டு தொடை வைக்க மாட்டேன்" என்றார் டில்கா. தன் தொட்டியைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார். "சரி, இந்த வருஷம் உங்களோடது போகட்டும். நல்லா இல்லேன்னா என் கொழுந்தனார் லோய்ஸ் என்னைச் சும்மா விடமாட்டார், ஞாபகம் இருக்கட்டும்."

அப்போதுதான் சிரிலுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. உப்புப் போகத் தொடையை ஊறவைத்த தண்ணீரை இரண்டாம் தரம் மாற்றினோமா, இல்லையா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. வெட்டினால்தான் தெரியும். மந்திரிக்கப் போவதை, திரும்ப வீட்டு மேசைக்கு வருமுன் வெட்டக் கூடாது.

பூசை முடிந்து, பங்குச் சாமியார் கூடைகள்மேல் தீர்த்தம் தெளித்தார். டில்கா கூடையைச் சிரில் கையில் கொடுத்துவிட்டு, கணவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றப் போனார். கொழுந்தனார் லோய்ஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, கூடையின் துணியைத் தூக்கி எட்டிப் பார்த்தார்.

"அண்ணியோட கூடையில ரொட்டியும் முட்டையுந்தான் இருக்கு. தொடை எங்கய்யா?"

"உள்ள இருக்கு."

"உள்ளயா? இறைச்சின்னா மூஞ்சியக் காட்டணும்யா! ஒளிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கிற இறைச்சிய எவன் நம்புவான்? நல்ல வேளை, எனக்குன்னு தனியா தொட்டி இறைச்சி மந்திரிச்சு வாங்கிட்டேன்." சைக்கிள் முன்னால் தொங்கிய தன் கூடையைத் தட்டிக்காட்டிவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. கல்யாணம் ஆகாத பெண்கள் மந்திரித்த கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார்கள். யார் முதலில் வீடு போய்ச் சேருகிறாளோ, அவளுக்கு அந்த வருஷமே கல்யாணம். அன்றைக்கும் கோவில் வாசலில் பெண்கள் செருப்பை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். டில்காவின் பக்கத்து வீட்டு நுஷா, வாய்க்காரி, சிரிலைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

"என்ன மாமா, நீங்களும் ஓடப்போறீங்களா? உங்களுக்கும் கல்யாணம் ஆகணுமாமே. ஊரே பேசிக்குது!"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். சிரிலின் காது சிவந்துபோயிற்று. ஊருக்கே தெரியுமா? தெரிந்தால் தெரியட்டுமே! எந்தச் சாமி மனதுக்குள் வந்து உசுப்பியதோ, கூடையைத் தூக்கித் தோளில் வைத்தார். பெண்கள் கிளம்பியதுதான் தாமதம், அவரும் பிடரியில் கால் பட ஓட ஆரம்பித்தார்.

அடேயப்பா, என்ன ஓட்டம்! பெண்கள் கூச்சல், கிழவர்கள் கைத்தட்டல், கோவில் மணி வேறு விடாமல் அடித்தது. சந்தை மூலையில் ஒருத்தி நின்றுவிட்டாள், ஆலைப் பக்கம் இருவர் பிரிந்து போனார்கள். கடைசியில் மிஞ்சியது நுஷாவும் சிரிலும்தான். இரண்டு பேரும் போக வேண்டியது ஒரே தெரு.

"விட்டுக்கொடுங்க மாமா! எனக்கு இந்த வருஷம் ஆகியே தீரணும்!"

"உனக்கு இன்னும் வயசிருக்கு பிள்ளே! எனக்குத்தான் அவசரம்!"

பாலத்துக்கு முன்னால் லோய்ஸ் நடுரோட்டில் சாவகாசமாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். "வழி! வழி!" என்று சிரில் கத்தினார். லோய்ஸ் திரும்பிப் பார்த்தார். தலை திரும்பிய பக்கமே சைக்கிளும் திரும்பி, ஆள் பள்ளத்தில் விழுந்தார். சக்கரம் இடறிச் சிரிலும் விழுந்தார். சிவப்பு முட்டைகள் நாலா பக்கமும் உருண்டன. லோய்ஸின் தொட்டி இறைச்சி கொழுப்போடு வழுக்கிச் சேற்றில் இறங்கியது. எங்கிருந்தோ வந்த ஒரு செம்பட்டை நாய் அதை வாயில் கவ்விக்கொண்டது.

"டேய், விடுடா! மந்திரிச்சதுடா அது! பாவம்டா!" என்று கத்திக்கொண்டே லோய்ஸ் எழுந்து நாயைத் துரத்தினார். நாய்க்குப் பாவ புண்ணியம் தெரியுமா என்ன?

சிரிலின் ரொட்டியும் சரிவில் உருண்டு போய் முள்வேலியில் முட்டிக்கொண்டு நின்றது. அவர் தவழ்ந்து போய் எடுத்துப் பார்த்தார். மேலெல்லாம் சேறு. ஓரத்தில் ஒரு சின்ன விரிசல். அவ்வளவுதான், உள்ளே ஒரு பொட்டு அழுக்கு போகவில்லை. கையில் இன்னும் சூடு தெரிந்தது. முட்டைகளை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு மறுபடி ஓடினார். நுஷா முந்திப் போயிருப்பாள் என்று பார்த்தால், அவள் நாயும் லோய்ஸும் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாலத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து வருவதற்குள் சிரில் டில்காவின் வாசற்கதவைத் தொட்டுவிட்டார்.

"நான்தான் முதல்ல!" என்று மூச்சிரைக்கக் கத்தினார். இந்த வயதில் இத்தனை சந்தோஷம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"செல்லாது, செல்லாது!" நுஷா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "அவங்கவங்க வீட்டுக்குப் போய்ச் சேரணும். நீங்க வந்து நிக்கிறது டில்கா அத்தை வீடு. உங்க வீடு சங்கத்துக் கொட்டகைக்குப் பின்னால இல்ல இருக்கு? நான்தான் ஜெயிச்சேன்."

லோய்ஸும் சேறு சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். "அவ சொல்றதுதான் நியாயம். அடுத்தவன் வீட்டு வாசலைத் தொட்டுட்டு ஜெயிச்சேன்னா எப்பிடிய்யா?"

அதற்குள் டில்காவும் வந்துவிட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டில்கா சிரிலின் சேற்று முழங்காலைப் பார்த்தார், தெருவில் கூடி நின்று சிரிக்கிற ஜனத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் கை கழுவிட்டு வாங்க. சாப்பாடு ஆகட்டும். நுஷா, நீயும் வா."

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்தது கதை என்று நினைத்தார் சிரில். கணவன் கல்லறையிலிருந்து வருகிறவளை ஊர் சிரிக்க வைத்துவிட்டோமே! அவருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

டில்கா ஈரத்துணியால் ரொட்டியைத் துடைத்து, கத்தியை இறக்கினார். மொறமொறவென்று ஓடு உடைந்தது. மெல்லிய ஆவியோடு ஒரு வாசனை எழுந்தது பாருங்கள்! உள்ளே தொடை ரோஜா நிறத்தில் இருந்தது. அதன் சாற்றைக் குடித்துக் குடித்து ரொட்டியின் உட்பக்கம் பளபளத்தது. முதல் துண்டு லோய்ஸுக்கு. சிரில் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரை மாற்றினோமா, மாற்றவில்லையா?

லோய்ஸ் மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

"காரமுள்ளங்கியை இப்பிடித் தள்ளு" என்றார்.

இரண்டாம் துண்டும் உள்ளே போயிற்று. பிறகு யாரையும் நேராகப் பார்க்காமல், "அந்த அடி ரொட்டி... சாறு ஊறின பக்கம்... யாருக்கும் வேணாம்னா எனக்குக் குடுங்க அண்ணி" என்றார்.

நுஷா சிரித்துப் புரையேறினாள். டில்காவும் ஒரு துண்டை வாயில் போட்டார். "உப்பு சரியா இருக்கு" என்றார். சிரிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் டில்கா அவசரமே படாமல் ரொட்டியின் கடைசித் துண்டு தீர்கிறவரைக்கும் சாப்பிட்டார். மேசையில் எலும்பு மட்டும்தான் மிச்சம்.

"அத்தை, நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்று நுஷா ஆரம்பித்தாள். "அவங்கவங்க வீட்டுக்குத்தானே ஓடணும்? நான்தானே ஜெயிச்சேன்?"

"அதானே!" என்றார் லோய்ஸ், கடைசி ரொட்டித் துண்டை மென்றுகொண்டே. "இது அவன் வீடா? எங்க அண்ணன் கட்டின வீடு."

"உங்க அண்ணன் கட்டினதுதான், தம்பி. இப்போ கல்லறையில அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்." டில்கா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரிலைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "காலைச் சாப்பாடு முடிஞ்சதும் சொல்றேன்னேன் இல்ல? முடிஞ்சுபோச்சு. நுஷா, நீ அடுத்த வருஷம் ஓடு. இவர் தன்னோட வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தாரு."