மெஷின் வெளியே போகிற வழி

பெட்டி திரும்பவில்லை.

முன்னால் பிடித்திருந்தவர்கள் நடையின் மூலையில் இடப்பக்கம் ஒடித்துப் பார்த்தார்கள். வலப்பக்கம் ஒடித்துப் பார்த்தார்கள். ஒரு முனை சுவரில் இடித்தது, அதைச் சரிசெய்தால் மறுமுனை அலமாரியில் இடித்தது. பின்னால் பிடித்திருந்த பெரியவருக்கு ஒவ்வோர் இடியும் கையில் தெரிந்தது. உள்ளே கிடப்பவன் அவருடைய தம்பி.

"ஏய், மெதுவா! உள்ள என்ன சிமெண்ட் மூட்டையா கெடக்கு?"

சவ வண்டிக்காரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "ஐயா, ரெண்டே வழிதான். ஒண்ணு, இந்த அலமாரிய உடைக்கணும். இல்ல, பெட்டிய நிமித்திக் கொண்டு போகணும்."

"நிமித்தியா?"

"வரும்போது நிமித்தித்தானே கொண்டு வந்தோம்."

"வரும்போது வெறும் பெட்டிடா."

"உள்ள இறுக்கக் கட்டிடலாங்க. நெறைய வீட்ல செய்யறதுதான்."

"அப்ப உன் வீட்ல செய்."

பெட்டியைத் திரும்ப அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி, மூடி நகர்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தாள்.

நடை என்றால் பெரிய நடை ஒன்றும் இல்லை. அறையிலிருந்து வாசலுக்குப் போக ஒரு வழி. அது திரும்புகிற இடத்தில், தரையிலிருந்து கூரைவரை, தம்பி செய்த அலமாரி. அதில்தான் வீட்டின் செருப்பு, குடை, பழைய பேப்பர் எல்லாம். அந்த இடத்துக்கு வந்ததும் எல்லோரும் ஒரு தோளைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைவார்கள். புதிதாக வந்தவன் இடித்துக்கொள்வான், இரண்டாம் தடவை அவனும் தோளை வாங்குவான். நேற்றுக் காலை டூட்டிக்குக் கிளம்பிய தம்பி, அந்த அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஷூவை எடுக்கக் குனிந்தான். நிமிரவில்லை.

பஸ் கண்டக்டர் அவன். மரவேலை அவன் தொழில் அல்ல, அவனைப் பிடித்த பைத்தியம்.

பெரியவர் வெளியே போனார். பக்கத்துத் தெருவில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு கடப்பாரையை இரவல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். வேலைக்குப் போன காலமெல்லாம் அவர் செய்தது இடிக்கிற வேலை. எந்தச் சுவர் எங்கே தட்டினால் விழும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். கட்டினவன் எங்கே ஏமாற்றியிருக்கிறான் என்பதும் இடிக்கிறவனுக்குத்தான் தெரியும். அதனால் அவர் எவனையும் லேசில் நம்புவதில்லை.

குறிப்பாக, காலையிலிருந்து நடையில் நிற்கிற அந்த மூன்று பேரை நம்பவில்லை. ஒருவர் பல் டாக்டர். ஒருவர் பேண்டில் ட்ரம்பெட் வாசிப்பவர். இன்னொருவன் தம்பி வேலை பார்த்த பஸ்ஸின் டிரைவர். தம்பியின் மரவேலைக் கூட்டாளிகளாம். டாக்டருக்கும் ட்ரம்பெட்காரருக்கும் தம்பியிடம் இருப்பதுபோலவே ஒரு மரவேலை மெஷின் இருக்கிறதாம். டிரைவரிடம் இல்லை. கூலி வாங்கி மரவேலை செய்பவன் என்றால் புரிகிறது. பல்லைப் பிடுங்குகிறவன் எதற்காக ஞாயிற்றுக்கிழமை மரத்தூளில் புரள வேண்டும்? வந்ததிலிருந்து மூன்று பேருடைய கண்ணும் தம்பியின் மெஷின் இருக்கிற வேலை அறையின் கதவுமேல்தான். ஆள் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை, அதற்குள் மெஷினுக்கு அடிபோடுகிறார்கள். பெரியவர் காலையிலேயே அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டிருந்தார்.

கடப்பாரையோடு அலமாரியின் முன்னால் நின்றார். எங்கே கொடுத்து நெம்பலாம் என்று தேடினார். மேலே பார்த்தார், பக்கத்தில் பார்த்தார், குனிந்து கீழே பார்த்தார். ஒரு ஆணி இல்லை. பலகையும் பலகையும் சேருகிற இடத்தில் நகம் நுழையவில்லை. கதவைத் திறந்து உள்ளே தடவினார். சுவரோடு சேருகிற இடத்திலும் இடுக்கு இல்லை. எத்தனையோ வீடுகளைத் தரைமட்டமாக்கியவர், கடப்பாரையின் நுனியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"திருட்டுப்பய," என்றார் வாய்க்குள். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது.

"ஐயா, உடைச்சிராதீங்க," என்றார் பல் டாக்டர். "அது கழலும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கழலாம செஞ்சிருக்க மாட்டாரு. இந்த மெஷின் வெச்சிருக்கிறவன் எவனா இருந்தாலும், அது வெளிய போற வழிய மொதல்ல பாத்துருவான். நாங்க எல்லாம் பட்டவங்க. எனக்கு வந்தது ஒரு பேஷண்ட் கொடுத்தது. வயசாயிடுச்சு, மாடி ஏற முடியல, எடுத்துக்கோன்னாரு. எடுக்கப் போனா மாடிப்படியில எறங்கல. ஜன்னலையே சட்டத்தோட அறுத்து எடுத்து, கயித்துல கட்டி எறக்கினோம்."

"என்னோடது அதைவிட மோசம்," என்றார் ட்ரம்பெட்காரர். "ஒருத்தர் எறந்துட்டாருன்னு வாசிக்கப் போனேன். போன எடத்துல மெஷினைப் பாத்தேன். கூலி வேணாம், இதைக் கொடுங்கன்னேன். எடுத்துக்கன்னாங்க. அப்புறம் பாத்தா, அந்த மனுஷன் மெஷினை வெச்சுட்டு அதைச் சுத்திச் சுவர் கட்டியிருக்காரு. இடிச்சுத்தான் எடுத்தோம்."

"செங்கல் சுவரா?" என்று கேட்டார் பெரியவர். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார், வாய் கேட்டுவிட்டது.

"செங்கல்தான்."

"மேலேருந்து எடுத்தீங்களா, கீழேருந்தா?"

"கீழேருந்து."

"கூமுட்டைங்க. தலையில விழாம இருந்ததே பெருசு."

டாக்டர் அதற்குள் அடித்தட்டைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டிருந்தார். "ஆப்பு இருக்கு. மூணு ஆப்பு. அதான் மொத்தத்தையும் பிடிச்சிருக்கு." சின்னச் சுத்தியலால் உள்ளே தட்டினார். அலமாரி முனகியது, அசையவில்லை. இன்னும் இரண்டு தட்டு தட்டினார். இன்னும் இறுகிக்கொண்டது.

"டிரைவரைக் கூப்பிடுங்க," என்றார் ட்ரம்பெட்காரர். "இது செய்யறப்ப அவர்தான் கூட இருந்தாரு."

டிரைவர் நடையில் இல்லை. பெரியவர் திரும்பிப் பார்த்தார். வேலை அறையின் தாழ்ப்பாள் விலகியிருந்தது.

கடப்பாரையோடுதான் உள்ளே போனார்.

அறையின் நடுவில் மெஷின். இரண்டு நீளக் குழாய்மேல் ஒரே ஒரு மோட்டார். அதைப் படுத்தபடி வைத்தால் கட்டையைக் கடையும். தூக்கி நிறுத்தினால் துளை போடும். வட்டப் பல்லை மாட்டினால் அறுக்கும், உப்புத்தாளை மாட்டினால் தேய்க்கும். "அது ஒண்ணு எத்தன வேலை செய்யுது, நீங்க ஒரு வேலையாவது செய்யறீங்களா" என்று தம்பி மனைவி கேட்காத நாள் இல்லை. இப்போது அது கடைசலுக்காக வைத்தபடி இருந்தது. இரண்டு முனைக்கும் நடுவில் பாதி கடைந்த ஒரு மரக்கால் நின்றது. ஒரு பக்கம் உருண்டு வழவழவென்று, மறுபக்கம் இன்னும் சதுரமாக. டிரைவர் அதன்மேல் குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தான்.

"கைய எடுடா!"

டிரைவர் துள்ளித் திரும்பினான். கையில் ஒரு பென்சில்.

"எவனைக் கேட்டு உள்ள வந்த? இன்னும் ஆளே போகல, அதுக்குள்ள உனக்கு மெஷின் கேக்குதா?"

"இல்லண்ணே." பென்சிலால் கட்டையைக் காட்டினான். "பிள்ளைங்க ரெண்டு தாழ்ப்பாளை நீக்கிட்டு உள்ள வந்து இதைச் சுத்தி விளையாடிட்டு இருந்துச்சுங்க. தொரத்தி விட்டேன். யாராவது கழட்டிருவாங்களோன்னு அடையாளம் வெச்சேன். இந்தப் பக்கம் பாருங்க, நாலு பல்லு கட்டையில கடிச்சிருக்கு. எந்தப் பல்லு எங்க கடிச்சுதுன்னு கோடு போட்டு வெச்சுட்டா, கழட்டினாலும் அதே மாதிரி ஏத்திரலாம். இல்லன்னா ஆடும். அவன் கடைஞ்சது வீணாப் போயிரும்."

பெரியவர் பார்த்தார். மரத்தில் ஒரு சின்னக் கோடு, இரும்புப் பல்லில் ஒரு சின்னக் கோடு. வேறெதையும் அவன் தொட்டிருக்கவில்லை.

"வா," என்றார். "அலமாரி கழல மாட்டேங்குது."

டிரைவர் வந்து உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு டாக்டரைத் திட்டினான். "யோவ் டாக்டரே, அவன் எடது கைக்காரன்யா. எல்லாம் அந்தப் பக்கத்துலேருந்து அடிச்சிருப்பான். நீ கழட்டறதா நெனச்சுக்கிட்டு இறுக்கிட்டு இருக்க. இப்படித்தான் பல்லும் பிடுங்கறியா?"

செருப்பையும் குடையையும் எடுத்து வெளியே வைக்கச் சொன்னான். பெரியவர் எடுத்துக் கொடுக்க, ட்ரம்பெட்காரர் வாங்கி வாசலோரம் அடுக்கினார். தம்பியின் ஷூ வந்தபோது பெரியவர் அதைக் கொடுக்காமல் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

"அண்ணே, இந்த மெஷின் எப்படி வந்துச்சு தெரியுமா?" என்றான் டிரைவர், தலையை அலமாரிக்குள் விட்டபடி.

"எங்கயாவது அமுக்கியிருப்பான்."

"அமுக்கினானா! எங்க பஸ்ஸுலதான் வந்துச்சு. கடைசி ஸ்டாப்புல ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர் செத்துட்டாரு. அவர் வீட்டுல கெடந்துச்சு. அந்தம்மா எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. லாரி வெக்க வழியில்ல. டிரிப்புக்கு ஒரு துண்டா கழட்டிக் கொண்டாந்தான். ஒரு நாள் குழாய், ஒரு நாள் பலகை. மோட்டாரை ஏத்தின அன்னிக்கு எடமில்ல, தன் சீட்டுல அதை உக்கார வெச்சுட்டு இவன் நின்னுக்கிட்டே வந்தான். ஒவ்வொண்ணுக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழிச்சான். யாருக்கு? தனக்குத்தானே. நான் சொன்னேன், யோவ், யாருய்யா கேக்கப் போறா, சும்மா வாய்யான்னேன். கேக்கல."

"ம்."

"செக்கிங் ஏறினாரு. கண்டக்டர் சீட்டுல யாருய்யா அதுன்னாரு. மோட்டார் சார்னான். டிக்கெட்? நீட்டினான். காலுக்கடியில என்ன? அதுக்கும் நீட்டினான். அன்னிக்குன்னு பஸ்ஸுல பாதிப் பேரு டிக்கெட் எடுக்காம உக்காந்திருந்தாங்க. செக்கிங் எறங்கும்போது சொன்னாரு, இந்த பஸ்ஸுல யோக்கியமான பயணி அந்த மோட்டார் ஒண்ணுதான்யான்னு."

ட்ரம்பெட்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அறைக்குள்ளிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது. "டிக்கெட் போடாம விட்டதுக்கு இவருக்கு மெமோவும் கொடுத்துட்டுத்தான் போனாரு." அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாளா என்பது தெரியவில்லை.

பெரியவர் அந்த மெஷினை இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறார். எப்படி வந்தது என்று தம்பியிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்றிருந்தார்.

டிரைவர் இடக்கையால் இரண்டு தட்டு தட்டினான். முதல் ஆப்பு வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது. மூன்றாவதைப் பெரியவரே தட்டினார். அலமாரி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் தளர்ந்தது. பலகைகள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. மேல்பலகையின் உள்பக்கத்தில் தம்பி நடையின் அகலத்தைப் பென்சிலால் குறித்திருந்தான். அதன் பக்கத்தில் மெஷினின் அகலம்.

பெட்டி திரும்பியது. இரண்டு பக்கமும் கை நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது. படுத்தபடியே போனான்.

மயானம் போய்விட்டுத் திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கூட்டம் கலைந்துவிட்டது. அந்த மூன்று பேர் மட்டும் வாசலில் நின்றார்கள்.

"அலமாரிய மாட்டிக் கொடுத்துட்டுப் போறோம்," என்றார் டாக்டர்.

பெரியவர் தம்பி மனைவியைப் பார்த்தார். அவள் வேலை அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மூலையில் கடைந்து முடித்த மூன்று கால்கள் சாய்ந்திருந்தன. பக்கத்தில் ஒரு வட்டப் பலகை.

"எனக்குத்தான் முக்காலி," என்றாள். "முட்டி வலின்னு கீழ உக்கார முடியல. முக்காலின்னுதான் ஆரம்பிச்சாரு. அப்புறம், நீ இருக்கிற கனத்துக்கு மூணு கால் தாங்காதுன்னு நாலாவது ஒண்ணு போட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"இவங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு மாமா. மெஷினை எடுத்துட்டுப் போறவங்க, அதுல கடைசியா நிக்கிற வேலைய முடிச்சு அந்த வீட்டுல கொடுத்துரணும். வாட்ச்சுக்காரர் வீட்டம்மாவுக்கு ஒரு சுவர்க் கடிகாரத்து மரக் குமிழை இவரு முடிச்சுக் கொடுத்தாரு. அதுக்கப்புறம்தான் தன் வேலைய ஆரம்பிச்சாரு." அவள் பெரியவரின் முகத்தைப் பார்த்தாள். "நீங்க சரின்னா எடுத்துக்கச் சொல்லிடறேன்."

மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஒவ்வொருத்தன் முகமாகப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல. கடைசியில் டிரைவரிடம் வந்து நின்றார். சட்டைப் பையில் பென்சில் இன்னும் இருந்தது.

"நீ கடைவியா?"

"அவன் பக்கத்துல நின்னு கடைஞ்சிருக்கேண்ணே. தனியா கடைஞ்சதில்ல."

"கெடுத்துட்டா?"

"இன்னொரு கட்டை எடுத்துத் திரும்பக் கடைவேன்."

பெரியவர் தம்பி மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஒரு கால்தான் பாக்கி அண்ணே," என்றாள் அவள் டிரைவரிடம். "முடிச்சுக் கொண்டாங்க."

டிரைவர் கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"எப்படிக் கொண்டுபோவ?" என்றார் பெரியவர்.

"பஸ்ஸுலதான்."

"புதுக் கண்டக்டர் வருவானே."

"வரட்டும். டிக்கெட் வாங்கிருவேன்."

அப்படியானால் மெஷின் வெளியே போகும்வரை அலமாரியை மாட்ட வேண்டாம் என்று பெரியவர் சொன்னார். பலகைகளை வரிசை மாறாமல் சுவரோரம் சாத்தி வைத்தார்கள். மூன்று ஆப்பையும் அவர் ஒரு பழைய துணியில் முடிந்து, தொலையாத இடமாகப் பார்த்து, தம்பியின் ஷூவுக்குள் போட்டு வைத்தார்.

கடப்பாரையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைத் தோளில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நடை அகலமாகக் கிடந்தது. அலமாரி இருந்த இடத்துக்கு வந்ததும் ஒரு தோளைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் நுழைந்து போனார்.