பம்பருக்குள் போன சென்சார்

பொய்ப்பல் செய்கிறவனுக்கு ஒட்டுப்போட்ட இடம் வெளியே தெரிந்தால் அதைவிட அவமானம் வேறில்லை. அதனால்தான் வாசல் தூணில் தானே இடித்து உடைத்த காரின் பின்பக்க பம்பரை அவன் மெக்கானிக்கிடம் கொண்டுபோகவில்லை. செயற்கை ஈறு செய்யும் பசையைக் குழைத்து விரிசலில் அப்பி, உலரவிட்டுத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தான். பின்னால் ஏதாவது நெருங்கினால் பீப் அடிக்கும் சென்சார்கள் பம்பரில் பொட்டுப் பொட்டாக இருந்தன; அவை சொத்தைப் பல் மாதிரி அவன் கண்ணை உறுத்தின. அவற்றையும் சேர்த்து மூடிவிட்டான்.

"புதுசு மாதிரி இல்ல?" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அவள் தடவிப் பார்த்தாள். "நிஜமாவே தெரியலைங்க. நல்லா இருக்கு."

அந்த ஒரு வார்த்தைக்கே அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் உள்ளே போனதும் ரிவர்ஸ் கியரைப் போட்டுப் பார்த்தான். சென்சார் வீல் என்று கத்த ஆரம்பித்தது. பின்னால் ஈ காக்கை இல்லை. மூஞ்சியிலேயே பசையை அப்பினால் அது வேறென்ன செய்யும்? டிக்கியைத் திறந்து வயரைப் பிடுங்கினான். சத்தம் அடங்கியது. நாளைக்கு நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம். மனைவியிடம் சொல்லத் தோன்றாமல் இல்லை. ஆனால் பாராட்டு வாங்கிய சூட்டோடு போய் யார் சொல்வார்கள்? குளிக்கப் போய்விட்டான்.

தலையில் ஷாம்பு போட்டிருந்தபோது கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது. "ஏங்க, பாப்பாவை நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்!"

"ம்" என்றான். கார் கிளம்பிப் போன பிறகுதான் பிடுங்கிப் போட்ட வயர் ஞாபகத்துக்கு வந்தது.

அவள் கண்ணால் ரிவர்ஸ் எடுப்பவள் அல்ல, காதால் எடுப்பவள். ரேடியோவை அணைப்பாள். "யாரும் பேசாதீங்க" என்பாள். முன்னால் பார்த்தபடியே, விட்டுவிட்டு வரும் பீப் ஒரே நீட்டாக மாறும்வரை பின்னால் போய்க்கொண்டே இருப்பாள். அதற்காக அவளை எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறான். மழலையர் பள்ளியில் வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி ரிவர்ஸில்தான் விட வேண்டும். பிள்ளைகளை வெளியே கூட்டி வருவதும் அந்தச் சுவரோரமாகத்தான்.

போன் போட்டான். அவள் போன் சமையலறையிலேயே அடித்தது.

கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். பள்ளி இரண்டு தெரு தள்ளித்தான், ஆனால் கால் ஓட ஓடத் தெரு நீண்டுகொண்டே போனது. நுரை வழிந்து கண் எரிந்தது. கடவுளே, சுவரில் இடிக்கட்டும், பம்பர் தூள் தூளாகட்டும், சுவரோடு போகட்டும்.

அவன் கேட்டுக்குள் நுழைந்தபோது காரின் பின்னால் ரிவர்ஸ் விளக்கு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. சுவரோரமாகப் பிள்ளைகள் ஒரு கயிற்றைப் பிடித்தபடி ஆசிரியைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். வரிசையில் கடைசி அவன் மகள். செருப்பு வார் அவிழ்ந்துவிட்டதென்று கயிற்றை விட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கார் அவளை நோக்கி மெதுவாக, எந்தச் சந்தேகமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

நிறுத்து என்று கத்தியிருக்கலாம். அவன் வாயில் வந்தது வேறு.

"பீப்! பீப்! பீப்! பீஈஈஈப்!"

பிரேக் விளக்கு எரிந்தது.

பம்பருக்கும் குழந்தையின் தலைக்கும் நடுவே ஒரு கை நுழையலாம். மகள் அண்ணாந்து அவனைப் பார்த்தாள். "அப்பா, நீ ஏன் கார் மாதிரி கத்தற?" கயிற்றைப் பிடித்திருந்த வாண்டுகள் அத்தனையும் பீப் பீப் என்று கத்தத் தொடங்கின.

மனைவி இறங்கி வந்தாள். குழந்தையைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "சத்தமே வரலையேங்க," என்றாள். "இன்னும் இடம் இருக்குன்னுதானே வந்தேன்."

"வயரை நான்தான் பிடுங்கினேன்."

"எப்போ?"

"நீ நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு அப்புறம்."

அவள் சாவியை அவன் கையில் வைத்துவிட்டு, மகளைத் தூக்கி இடுப்பில் இறுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தாள்.

அவன் காரின் பின்னால் மண்டியிட்டான். பம்பர் வழவழவென்று பளபளத்தது. சென்சார் எங்கே இருக்கிறதென்று அவனுக்கே தெரியவில்லை. சாவி முனையால் சுரண்ட ஆரம்பித்தான். பல்லில் இம்மியும் பிசகாத அந்தக் கையால் இப்போது பெயின்டில் கோணல்மாணலாகக் கோடு விழுந்தது. விழட்டும் என்று சுரண்டிக்கொண்டே இருந்தான்.