ஹம்ஸாவின் காலை விட்டுப் போனவை

1993 ஏப்ரல் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்குச் செங்கரப்பாடம் நியூ ஸ்டார் அணியின் ஹம்ஸா உதைத்த பந்து இதை எழுதும் நாள்வரை கீழே இறங்கவில்லை. வடக்குக் கோல் கம்பத்துக்கு நேர் மேலே, இரண்டு தென்னை உயரத்தில் நிற்கிறது. இடவப்பாதி மழையில் நனைந்து கறுக்கும், ஓணத்துக்குள் காய்ந்து பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஒரு பருந்து இரண்டு வருடம் அதன்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வழுக்குகிறது என்று விட்டுவிட்டது. முதல் மாதம் மஞ்சேரியிலிருந்தும் கொண்டோட்டியிலிருந்தும் ஜீப் பிடித்து வந்து பார்த்தார்கள், ஐஸ் விற்றவர் வீட்டுக்கு ஓடு மாற்றினார். பிறகு எல்லாம் பழகிவிட்டது. இப்போது வெளியூர்க்காரர் யாராவது அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தால், "ஆமா, பந்து" என்று சொல்லிவிட்டு, திரூர் பஸ் போய்விட்டதா என்று அவரிடமே கேட்பார்கள். பந்து ஏன் நிற்கிறது என்று ஊரில் எவரும் கவலைப்படவில்லை. ஊரை அரித்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நாம் ஏன் தோற்றோம்?

அறுத்த வயலில், கமுகு மரம் கட்டிய கேலரிக்கு நடுவே, ஆளுக்கு ஏழு பேராக ஆடிய இறுதி ஆட்டம் அது. முள்ளியாறு பிரதர்ஸும் நியூ ஸ்டாரும் இரண்டுக்கு இரண்டு என்று முடிக்க, பெனால்டி உதை வந்தது. முள்ளியாற்றுக்காரர்கள் ஐந்தையும் போட்டுவிட்டார்கள். நியூ ஸ்டார் நான்கு போட்டிருந்தது. ஐந்தாவது ஹம்ஸா. கேப்டன், இருபத்துமூன்று வயது, அதுவரை ஒரு பெனால்டியும் தவறவிடாதவன். பந்து அவன் காலை விட்டு இடது கீழ் மூலைக்கு நேராகப் போனது. எதிரணி கோல்கீப்பர் வலது பக்கம் விழுந்து கிடந்தான். கோட்டுக்கு ஒரு முழம் முன்பாக, மேலேயிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, பந்து எழுந்து போய்விட்டது. இதை அந்தக் கோல்கீப்பரே சாகும்வரை சத்தியம் செய்து சொன்னான். முள்ளியாற்றுக்காரன் சத்தியத்தைச் செங்கரப்பாடத்தில் எவன் நம்புவான்?

மறுநாள் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அவறானின் சாயாக்கடையில் விசாரணை தொடங்கியது. இன்றுவரை அது ஒரு நாளும் விடுபட்டதில்லை.

"மைதானம் வடக்கே ஏத்தம். அன்னிக்கே சொன்னேன், யாரு கேட்டீங்க?" என்றார் பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் எடுத்த தாமோதரன் மாஷ்.

"எப்பச் சொன்னீங்க மாஷே? தோத்து வீட்டுக்குப் போனப்புறம்தானே?" என்றான் அவறான்.

"ஏத்தமும் இல்லை, எறக்கமும் இல்லை. இந்தப் பாப்புட்டி காலையிலேயே ஜீப்புல மைக்கைக் கட்டிக்கிட்டு 'சாம்பியன்கள் வருகிறார்கள்'னு தொண்டை கிழியக் கத்தினான் பாருங்க, அப்பவே கண்ணு பட்டுப்போச்சு" என்றது ஒரு குரல்.

அத்தனை பேரும் பாப்புட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அறிவிப்பு செய்வதே தொழிலாக இருந்தவனுக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தன்மேல் வந்த பழியைத் தட்டிவிட வாய்க்கு வந்ததைச் சொன்னான். "என்னை ஏன்டா பாக்குறீங்க? அவன் முள்ளியாத்துக்காரன்கிட்ட காசு வாங்கிக் கை நனைச்சுட்டான். இல்லைன்னா ஹம்ஸா கால்ல மேல போகுமா பந்து?"

நரம்பில்லாத நாக்கு. வீட்டுக்கு நேந்திரம்பழம் வாங்க வந்த ஹம்ஸா அப்போது வாசல் தட்டிக்கு வெளியே நின்றிருந்தான். பழத்தைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு நடந்தான். பதினாறாம் நாள் வளைகுடா வேலைக்குத் தம்மாமுக்கு விமானம் ஏறினான்.

கடைக்கு எதிர்வீடுதான் ஹம்ஸாவின் வீடு. அவனுக்கு நான்கு வயதில் உம்மா இறந்துபோக, பதினான்கு வயது அக்கா சுலைகாதான் அவனை வளர்த்தாள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்தவள். உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்தத் தம்பி ஒருவன்தான். கடையில் நடந்த விசாரணை முழுவதும் அவள் ஜன்னல் வழியாகக் காதில் விழும். ஏன் தோற்றோம் என்று அந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளிடம்தான் எவரும் கேட்கவில்லை.

இறுதி ஆட்டத்தில் பெனால்டி வந்தால் மட்டும் எடுக்கும் புதுப் பந்து முந்தின நாள் கேப்டன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது நியூ ஸ்டாரின் வழக்கம். சனிக்கிழமை மதியம் ஹம்ஸா தூங்கும்போது சுலைகா அந்தப் பந்தைத் தலையணை உறையில் போட்டுக்கொண்டு மூஸா முசலியார் வீட்டுக்குப் போனாள். பிள்ளை பயந்து அழுதால், பசு பால் கொடுக்க மறுத்தால், முசலியார் ஓதி ஊதித் தருவார், சரியாகிவிடும். நல்ல மனிதர். பந்தாட்டம் மட்டும் தெரியாது.

"இதுக்கு என்ன சீக்கு?" என்று கேட்டார் அவர், பந்தைத் திருப்பிப் பார்த்து.

"சீக்கு இல்லை உஸ்தாதே. நாளைக்குப் பெனால்டி வந்தா ஹம்ஸா இதைத்தான் உதைக்கணும்."

"சரி, என்ன கேக்கட்டும்?"

முள்ளியாற்றுக் கோல்கீப்பர் நீளக் கைக்காரன், உதைத்த பந்தையெல்லாம் திருப்பி அனுப்பிவிடுவான் என்று ஒரு வாரமாகக் கடையில் பேச்சு. சுலைகா அதைத்தான் மனதில் வைத்திருந்தாள். "ஹம்ஸா காலை விட்டுப் போறது எதுவும் திரும்பி வரக் கூடாது உஸ்தாதே."

"எதுவுமா?"

"எதுவும்."

முசலியார் கண்ணை மூடி ஓதினார். மூன்று முறை ஊதினார். அவள் கொடுத்த பூவன் சீப்பில் இரண்டு பழத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிறு மாலை மதரஸா வராந்தாவில் பெண்களோடு நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து மேலே போனதும் மைதானமே அது விழும் இடத்தைத் தேடியது. அவள் தேடவில்லை. படைத்தவனே, கேட்டது அப்படியே கிடைத்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்று இரவு தம்பி சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்குப் பாப்புட்டியின் நாக்கு முந்திக்கொண்டது. அதற்குமேல் சொன்னால் முசலியார் வீட்டு ஓட்டில் கல் விழும் என்று பயந்தாள். அந்த வருடமே முசலியார் மௌத்தாகிவிட்டார். இறந்தவர்மேல் பழி போடுவதா என்று அதன்பிறகு ஒரு காரணம். சொல்லாமல் போனதைச் சொல்ல ஒவ்வொரு வருடமும் கஷ்டம் கூடிக்கொண்டே போனது.

ஹம்ஸா வராமலிருந்ததை வெட்கம் என்று ஊர் எழுதிவைத்துவிட்டது. அவன் மூன்று முறை புறப்பட்டான் என்பது சுலைகாவுக்கு மட்டும் தெரியும். மூன்றாம் வருடம், ஏறிய விமானம் கோழிக்கோட்டுக்கு மேல் பனியென்று சுற்றிவிட்டுத் தம்மாமிலேயே இறக்கியது. மே மாதத்தில் பனி. ஆறாம் வருடம், பெட்டி கட்டிய அன்று பாஸ்போர்ட்டைக் கரையான் அரித்திருந்தது. ஒன்பதாம் வருடம் வந்தே விட்டான். விமான நிலையத்தில் ஜீப் பிடித்தான். நாற்பது கிலோமீட்டர் வழி. ஏழு மணி நேரம் ஓட்டியும், எந்தச் சாலையில் திரும்பினாலும் ஜீப் விமான நிலைய வாசலிலேயே போய் நின்றது. அங்கிருந்து போனில் பேசினான். "வழி கிடைக்கலை இத்தாத்தா" என்றான், சின்னப் பிள்ளைபோல. அவள் ஆட்டுக்கறி வைத்து அரிசிப் பத்திரி சுட்டு அடுக்கியிருந்தாள். அதை அன்று யாரும் தின்னவில்லை.

பதினோராம் வருடம், 2004இல், ஒரு வெள்ளிக்கிழமை போனில் அவன் கூச்சத்தோடு ஒன்று சொன்னான்.

"சிரிக்காதே இத்தாத்தா. நான் இங்க வந்ததுலேர்ந்து முன்னூறு ஜோடி செருப்பாவது தொலைச்சிருப்பேன். பள்ளிவாசல்ல தொலையுது, சரி, எவனுக்குத்தான் தொலையாது? ரூம் வாசல்லயும் தொலையுது. கட்டிலுக்கு அடியில வெச்சாலும் தொலையுது. கால்லேர்ந்து கழட்டினா அவ்வளவுதான், போச்சு."

'எதுவுமா?' என்று அன்று முசலியார் கேட்டது சுலைகாவின் காதில் மறுபடி விழுந்தது. பந்து மட்டுமில்லை. அவன் பெட்டியோடு படியிறங்கிய அன்று இந்த வீட்டு முற்றம், மைதானம், ஊர் எல்லாம் அவன் காலை விட்டுப் போயின. போனது திரும்பக் கூடாது என்று கேட்டவள் அவளேதான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

பிறகு அவன் கேட்டான்: "அப்ப நான் சரியாத்தான் உதைச்சேனா?"

"சரியாத்தான்டா உதைச்சே, என் கண்ணு. மூலைக்கு நேராத்தான் போச்சு. நான் பாத்தேன்."

"பதினோரு வருஷமா தினமும் படுக்கும்போது அந்தக் காலைத் தடவித் தடவிப் பாக்குறேன் இத்தாத்தா, எங்க தப்பினேன்னு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கடையில போய்ச் சொல்லு" என்று வைத்துவிட்டான்.

அவள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்தாள். ஆண்கள் மட்டும் உட்காரும் அந்தக் கடைக்குள் ஒரு பெண் வந்து நின்றதே முதல் தடவை. நின்றபடியே சொல்லி முடித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவறான் கவனிக்கவில்லை. பாப்புட்டி எழுந்து, பெஞ்சில் தன் இடத்தை அவளுக்குக் காட்டிவிட்டு, சுவரோரம் போய் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். ஹம்ஸா கை நனைத்தான் என்று அந்த ஊரில் யாரும் அதன்பிறகு சொன்னதில்லை.

"எதுவும்னா சொன்னே?" என்றார் தாமோதரன் மாஷ், பரீட்சைத் தாளைத் திருத்துகிற குரலில். "கோல்கீப்பர் கையிலேர்ந்துன்னு ரெண்டு வார்த்தை சேத்திருந்தா கப்பு நம்ம கிளப்புல இருந்திருக்குமேம்மா."

"கப்பு கிடக்கட்டும் மாஷே! பையன் வர்றதுக்கு வழி சொல்லுங்க" என்று அவறான் எரிந்து விழுந்தான்.

பொன்னானியிலிருந்து பெரிய உஸ்தாதை அழைத்து வந்தார்கள். ஒருவர் ஊதியதை இன்னொருவர் மூச்சு அவிழ்க்காது என்று அவர் கைவிரித்தார். கடைசியில் வழி சொன்னது மாஷின் இலக்கணம்தான்.

"விட்டுப் போனதுதானே திரும்பாது? அவன் கால் படாத ஊரு அவனை எப்படி விட்டுப் போயிருக்கும்? அங்க அவன் வரலாம். சுலைகாவும் போகலாம்."

கடை சந்தைபோல் ஆனது.

"நிலம்பூர்?"

"செமிஃபைனல் ஆடினான்டா அங்க."

"கோட்டக்கல்?"

"முட்டி பிசகி வைத்தியத்துக்குப் போனானே, மறந்துட்டியா?"

"பட்டாம்பி? ஒத்தப்பாலம்?"

"ரெண்டுலயும் கோல் போட்டிருக்கான். நல்லா ஆடினதுதான் அவன் செஞ்ச பாவம்."

நான்கு நாள் சண்டைக்குப் பிறகு கூடலூர் தேறியது. அவன் கால் அங்கே பட்டதில்லை. 2005 ஜனவரியில் சுலைகா அங்கே ஒரு வீட்டை ஒரு மாதத்துக்கு வாடகைக்குப் பிடித்தாள். விமானம் நேரத்துக்கு இறங்கியது. சாலை கூடலூருக்கே போனது. பன்னிரண்டு வருடம் கழித்து வாசலில் வந்து நின்ற ஆளுக்கு முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. அவள் அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்து, இளைத்துவிட்டாய் என்று பொய் சொன்னாள். பால் வாங்கப் போனான், குளிருக்குப் போர்வை வாங்கப் போனான், எல்லாவற்றுக்கும் போய்த் திரும்பினான். தங்கின ஊரில் பெட்டியைத் தூக்கினால்தான் விட்டுப் போவது, வேலையை வைத்துவிட்டு லீவில் வருவதால் தம்மாம் அதில் சேராது என்று மாஷ் முன்பே தீர்த்து வைத்திருந்தார். முப்பதாம் நாள் பெட்டி தூக்கினான். அதோடு கூடலூர் முடிந்தது.

அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருகிறான். பொள்ளாச்சி, வால்பாறை, குண்டல்பேட்டை, உடுமலை என்று ஒவ்வொரு ஊராகச் செலவாகி வருகிறது. அவறானின் கடையில் இப்போது ஏன் தோற்றோம் என்ற விசாரணையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, சுலைகாத்தாவுக்கும் ஒரு சாயா வைத்துவிட்டு, அடுத்த ஊர் எது என்று அடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஊர் தூரமாகிறது. அவள் கால் முட்டியும் தேய்கிறது.

போன முறை கம்பம். ஹம்ஸாவுக்கு ஐம்பத்துமூன்று, அவளுக்கு அறுபத்துமூன்று. கடைசி நாள் காலை ஜீப் வந்து நின்றது. பெட்டியைக் கயிறு கட்டி முன்னால் வைத்துக்கொண்டு அவன் படியில் உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவில்லை. இரண்டு பாதத்தையும் மண்ணில் அழுத்தி வைத்திருந்தான்.

"இதைத் தூக்கினா இந்த ஊரும் போயிடும் இத்தாத்தா."

சுலைகா முட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்ப இப்பத் தூக்காதே" என்றாள்.

ஜீப்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு பீடி பற்றவைத்தார்.